கொங்கு நாட்டில் களை நிலம் பண்படுத்தல்

களை நிலம் பண்படுத்தல் என்பது, களை மண்டிக் கிடக்கும் நிலத்தை விதைப்புக்கோ நடவுக்கோ ஏற்றதாக மாற்றும் வேளாண் பணிகளின் தொகுப்பு ஆகும். உழவு, களைக் கிழங்குகளை வெயிலில் உலர்த்துதல், முளைக்கும் களைகளை மேலோட்டமாக அழித்தல், மூடுபயிர் வளர்த்தல், எருவிடுதல் ஆகியன இதில் அடங்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஆகிய மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில், இப்பணிகளில் பெரும்பாலானவை மாசி மாத அறுவடைக்கும் ஆடிப்பட்ட விதைப்புக்கும் இடைப்பட்ட கோடைக் காலத்தில் நடைபெறுகின்றன.

எத்தனை முறை உழுதோம் என்பதைக் காட்டிலும், எந்தக் களையை, எந்தப் பருவத்தில், எவ்வளவு ஈரத்தில் உழுதோம் என்பதே இப்பணியின் விளைவைத் தீர்மானிக்கிறது. ஒரு களையை அழிக்கும் அதே உழவு மற்றொரு களையைப் பன்மடங்காகப் பெருக்கிவிடக்கூடும். வாடகை டிராக்டரை நம்பியிருக்கும் சிறு உழவருக்கு இவ்வேறுபாடு பெரும் செலவைக் குறிக்கும். இந்தியாவில் 1 எக்டேருக்குக் குறைவான நிலம் உடையோர் குறு உழவர் என்றும், 1 முதல் 2 எக்டேர் வரை உடையோர் சிறு உழவர் என்றும் வகைப்படுத்தப்படுகின்றனர். 2015–16 ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர் மட்டுமே.

நிலமும் பருவமும்

கொங்கு வழக்கில் கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்' என்றும், மழையை மட்டும் நம்பிய நிலம் 'காடு' அல்லது 'மேட்டுக்காடு' என்றும், ஆற்று அல்லது வாய்க்கால் பாசன நெல் நிலம் 'வயல்' என்றும் அழைக்கப்படுகின்றன. இங்குக் 'காடு' என்பது வனத்தைக் குறிப்பதன்று. பிற மாவட்டத்தார் இதனால் குழப்பம் அடைவதுண்டு. இக்கட்டுரை பெரும்பாலும் தோட்டத்தையும் காட்டையும் பற்றியது. நீர் தேக்கிச் சேற்றுழவு செய்யும் வயல்களின் களைகளும் அவற்றைக் கையாளும் முறைகளும் வேறானவை.

கோயம்புத்தூர்ப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிமீட்டர். இதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இடியுடன் கூடிய சில கோடை மழைகள் கிடைக்கும். அதன் பின்னர் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வலுவான காற்று வீசும். இந்தக் கோடை மழையும் காற்றும் நிலம் பண்படுத்தும் முறையை நேரடியாகப் பாதிக்கின்றன.

மண்ணைப் பொறுத்தவரை, கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்து அமைந்திருப்பது இப்பகுதியின் இயல்பு. கரிசல் மண் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகும்; நனைந்தால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். எனவே கரிசலை உழத்தக்க பதம் மழைக்குப் பின் சில நாட்கள் மட்டுமே நிலவும். செம்மண் விரைவில் வடிந்துவிடுவதால் அங்கு உழவுக்கான காலம் விரைவிலேயே வந்துவிடும். ஆனால் விரைவிலேயே காய்ந்து இறுகியும் விடும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பது பழைய சோதனை. உருண்டையாகத் திரண்டு, கீழே போட்டால் உதிர வேண்டும். உதிராமல் அப்படியே கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஈரத்தில் உழுத கரிசல் காய்ந்தபின் கல் போன்ற கட்டிகளாகி, அவ்வாண்டு முழுவதும் தொல்லை தரும்.

களைகளை அடையாளம் காணல்

பணியைத் தொடங்கும் முன் நிலத்தில் எவ்வகைக் களை மிகுந்துள்ளது என்று பார்த்தல் அவசியம். இனப்பெருக்க முறையைக் கொண்டு இவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். விதையால் மட்டும் பெருகுபவை ஒருவகை. சாரணை, பார்த்தீனியம், குப்பைக்கீரை, நெருஞ்சி, நாயுருவி முதலியன இவ்வகையின. நிலத்தடிக் கிழங்கு, தண்டு, வேர் ஆகியவற்றால் பெருகுபவை மற்றொரு வகை; கோரையும் அறுகும் இவற்றுள் முதன்மையானவை. முதல் வகையில் விதை கட்டும் முன் செடியை அழித்தால் போதும். இரண்டாம் வகையில் மண்ணுக்கு மேலே தெரியும் பகுதியை எத்தனை முறை வெட்டினாலும் கீழே இருக்கும் சேமிப்பு தீரும் வரை அது மீண்டும் வரும்.

கோரை

கோரை (சைப்பரசு ரோட்டண்டசு) பார்வைக்குப் புல் போன்றிருந்தாலும் புல்லினத்தைச் சேர்ந்ததன்று. இதன் தண்டு முக்கோண வடிவில் இருப்பதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து அறியலாம். இதன் கிழங்கு சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. 1977 இல் லீராய் ஓம் முதலானோர் எழுதிய, உலகின் மிக மோசமான களைகள் பற்றிய நூலில் முதலிடம் பெற்ற களை இதுவே.

இதனை ஒழிப்பது ஏன் கடினம் என்பதை இதன் அமைப்பே விளக்குகிறது. மண்ணுக்குள் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் மணிமாலை போலக் கோக்கப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை மேல் மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும்; சில 30 செ.மீ. ஆழத்திலும் இருக்கும். மாலையின் நுனியில் உள்ள கிழங்கு முளைத்திருக்கும்போது மற்றவை பெரும்பாலும் உறக்க நிலையில் கிடக்கின்றன. கலப்பையோ மண்வெட்டியோ அந்த இணைப்பை அறுத்தால், தனித்துவிடப்பட்ட ஒவ்வொரு கிழங்கும் முளைவிடத் தொடங்கும். ஈரம் உள்ள நிலத்தை ஒருமுறை மட்டும் உழுதுவிட்டு உடனே பயிரிட்டால், முன்பு ஒரு கோரை நின்ற இடத்தில் பின்னர் ஐந்தாறு நிற்பதற்குக் காரணம் இதுவே.

கோரைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, அதன் கிழங்கு வறட்சியைத் தாங்காது. மண்ணுக்கு மேலே புரட்டப்பட்ட கிழங்கு கடும் வெயிலில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கிடந்து உலர்ந்தால் முளைப்புத் திறனை இழக்கும். ஆனால் இடையில் ஒரு மழை பெய்தாலோ, கட்டிக்குள் ஈரம் எஞ்சியிருந்தாலோ கிழங்கு பிழைத்துக்கொள்ளும். மற்றொன்று, அது நிழலைத் தாங்காது. வெப்பமான வெயிலில் மிக விரைவாக வளரும் இச்செடி, அடர்ந்த பயிரின் நிழலில் மெலிந்து, புதிய கிழங்குகளைக் குறைவாகவே உருவாக்கும். கோரையைக் கட்டுப்படுத்தும் முறைகள் அனைத்தும் இவ்விரண்டில் ஒன்றைப் பயன்படுத்துபவையே.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது பொறுமையைக் கோருவது. கோரை முளைத்து இலைவிட்டு, புதிய கிழங்குகளை உருவாக்கத் தொடங்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. அதற்குள் மீண்டும் மீண்டும் வெட்டியோ உழுதோ வந்தால், பழைய கிழங்கில் உள்ள மாவுச்சத்து முளைகளை அனுப்பியே தீர்ந்துபோகும். இடைவெளி ஒரு மாதத்துக்கு மேல் நீண்டுவிட்டால், செலவிட்டதை அது ஈட்டிக்கொண்டுவிடும். அதாவது, தவறான இடைவெளியில் செய்யப்படும் ஐந்து களையெடுப்புகள் சரியான இடைவெளியில் செய்யப்படும் மூன்றுக்கு ஈடாகா.

கோரை புதிய நிலத்துக்குப் பெரும்பாலும் மனிதராலேயே வந்து சேர்கிறது. தென்னை, மா முதலிய நாற்றுப் பைகளின் மண், வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய வண்டல், வேறொரு தோட்டத்திலிருந்து கழுவாமல் கொண்டுவரப்பட்ட கலப்பை ஆகியவை இதன் வழிகள். வாடகை டிராக்டர் ஒரே நாளில் நான்கு தோட்டங்களில் உழும்போது கொத்துகளில் சிக்கிய கிழங்கும் நான்கு தோட்டங்களுக்கும் செல்கிறது. கலப்பையைக் கழுவச் சொல்வது சண்டைக்கு இடமளிக்கும் கோரிக்கை என்பதால் பலரும் கேட்பதில்லை.

அறுகு

அறுகம்புல் (சைனோடான் டாக்டைலான்) நிலத்தின் மேல் படரும் தண்டாலும், நிலத்தடித் தண்டாலும் பெருகும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய செடி ஆகலாம். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மண் அரிக்காமல் காக்கும் இப்புல், நிலத்துக்குள் நுழைந்துவிட்டால் மாற்றானாகிவிடுகிறது. இதன் நிலத்தடித் தண்டுகளைத் துண்டாக்காமல் நீளமாக வெளியே இழுத்துக் காயவிட வேண்டும். கொத்துக் கலப்பையால் உழுதபின் மேலே வந்த தண்டுகளை வாரிச் சேர்த்து, நிலத்துக்கு வெளியே வெயிலில் உலர்த்துவது வழக்கம். மாடு கட்டியிருப்போர் அதனை உதறித் தீவனமாகவும் பயன்படுத்துவர். சிறிய பரப்பில், குறிப்பாக மஞ்சள் அல்லது சின்ன வெங்காயம் நடவிருக்கும் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்தில், கடப்பாரையால் நெம்பி அறுகை வேரோடு எடுப்பதும் உண்டு. ஆட்செலவு மிகுந்த வேலை இது. ஆயினும் ஒருமுறை முறையாகச் செய்தால் சில ஆண்டுகளுக்குப் பயன் தரும்.

விதையால் பெருகும் களைகள்

சாரணை (திரையாந்திமா போர்ட்டுலாகாசுட்ரம்) கோடை மழை பெய்த சில நாட்களிலேயே நிலத்தைப் போர்த்திவிடும். முளைத்த ஒரு மாதத்துக்குள் பூத்து விதை உதிர்ப்பதால், 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விட்டால் அடுத்த பல ஆண்டுகளுக்கான விதை மண்ணில் சேர்ந்துவிடும். அதே வேளை, இளஞ்செடியாக இருக்கும்போது மேலோட்டமாக ஒருமுறை பலுகு ஓட்டினாலே அழிந்துவிடும் அளவுக்கு மென்மையானது.

பார்த்தீனியம் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் இது கவனத்துக்கு வந்தது. இன்று தரிசுகளிலும், சாலை ஓரங்களிலும், மனை பிரிக்கப்பட்டு விற்காமல் கிடக்கும் வீட்டுமனைகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஒரு செடி பல ஆயிரம் விதைகளை உருவாக்கும். இதன் மகரந்தமும் செடியில் உள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருளும் தோல் அழற்சியையும் மூச்சுத் தொல்லையையும் ஏற்படுத்துவதால், கையுறையின்றிப் பிடுங்கலாகாது. இதன் இலைகளை உண்ணும் மெக்சிகோ வண்டு 1984 இல் பெங்களூரில் வெளிவிடப்பட்டது. மழைக்காலத்தில் இவ்வண்டு செடிகளை மொட்டையாக்குகிறது. வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் உறங்கிவிடுவதால் களைநீக்கத்துக்கு அதனை மட்டும் நம்புவதற்கில்லை. பூப்பதற்கு முன் அறுக்கப்பட்ட பார்த்தீனியத்தை மட்கு உரமாக்கலாம். பூத்த செடியைக் குழியில் போடுவது அடுத்த ஆண்டுக்கு விதைப்பதற்கு ஒப்பாகும்.

சோளம் விளையும் மேட்டுக்காடுகளில் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களை தனிக் கவனத்துக்குரியது. இது சோள வேரில் ஒட்டி, வெளியே தெரியும் முன்னரே பயிரை நலியச் செய்கிறது. நுண்ணிய தூள் போன்ற இதன் விதைகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடியவை. உழவால் இது அழிவதில்லை. பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர்க்கசிவு இவ்விதைகளை முளைக்கத் தூண்டும். ஆனால் அவ்வேர்களில் ஒட்டி வாழ இயலாததால் முளைத்தவை மடிந்துபோகும். சோளத்தையும் பருத்தியையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் முறைக்கு இவ்வகையிலும் பயன் உண்டு.

கோடை உழவு

கொங்கு நாட்டில் களை நிலம் பண்படுத்தலின் மையமான பணி கோடை உழவு ஆகும். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற பழமொழியும் 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்ற பழமொழியும் இதனைக் குறிப்பன. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037 ஆம் குறள், உழுத ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்குக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்ற கருத்தைக் கூறுகிறது. எரு வேண்டாம் என்பதை இன்றைய மண்ணியல் அப்படியே ஏற்காது. ஆயினும் உழுவதோடு பணி முடிவதில்லை, உலர்த்துவதே அதன் பாதி என்ற செய்தி களைநீக்கத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் மண்ணில் எஞ்சியுள்ள ஈரத்திலோ, முதல் கோடை மழைக்குப் பின்னரோ முதல் உழவு செய்யப்படுகிறது. ஆழம் 20 முதல் 30 செ.மீ. வரை. இதன் நோக்கம் மண்ணைப் பொடியாக்குவது அன்று. கட்டிகளைப் புரட்டி, கிழங்குகளையும் வேர்களையும் வெயிலுக்குக் காட்டுவது. எனவே பெரிய கட்டிகள் கிடப்பதைக் கண்டு மீண்டும் உழுது நயமாக்க முயல்வது இவ்வேளையில் தவறாகும். திறந்த மண்ணின் மேற்பரப்பு வெப்பம் நடுக்கோடையில் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். இரண்டு, மூன்று வாரங்கள் இவ்வாறு காய்ந்தபின் குறுக்காக இரண்டாம் உழவு செய்து, அடியில் இருந்தவற்றை மேலே கொண்டுவருவர். சரிவான நிலத்தில் உழவு சரிவுக்குக் குறுக்காகவே அமைய வேண்டும். அவ்வாறு அமைந்த சால்கள் கோடை மழையைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும்.

கட்டிகளை அப்படியே விடுவதற்கு இப்பகுதியில் மற்றொரு காரணமும் உண்டு. பல்லடம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வட்டாரங்களில் ஆனி, ஆடிக் காற்று வலுவானது. காற்றாலைகள் இங்கு நிறுவப்பட்டது அதனால்தான். நயமாக்கப்பட்ட புழுதியை இக்காற்று அள்ளிச் செல்லும். வளம் மிக்க மேல்மண்ணே முதலில் பறக்கும்.

கோடை உழவால் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் வெளிப்படுகின்றன. 2018 இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு மக்காச்சோளத்தைப் பெரிதும் தாக்கிய படைப்புழு மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. உழும் டிராக்டரின் பின்னே கொக்குகளும் மைனாக்களும் தொடர்வது இவற்றுக்காகவே.

எந்த மழையும் பெய்யாத கோடையில் கரிசலை உழ முற்படுவது கலப்பைக்கும் டீசலுக்கும் கேடு. நன்கு வெடித்த கரிசல் தானாகவே காற்றை உள்ளே விடுவதால், முதல் மழை வரை காத்திருக்கலாம். மாறாக, கோடை மழை தொடர்ந்து பெய்யும் ஆண்டில் கோரையை உலர்த்தும் திட்டம் பலிக்காது. அவ்வாண்டில் ஆழ உழுவதை நிறுத்தி, கீழே விளக்கப்படும் முளைக்கவிட்டு அழிக்கும் முறைக்கு மாறுவதே அறிவுடைமை.

கருவிகள்

நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும், புரட்டாது. காளைகள் பூட்டி உழுவது குறைந்துவிட்ட இக்காலத்தில் டிராக்டரில் பொருத்தும் கருவிகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. இறக்கைக் கலப்பை மண்ணை முழுமையாகப் புரட்டும். சட்டிக் கலப்பை கடினமான, வேர்கள் மிகுந்த தரிசு நிலத்துக்கு ஏற்றது. ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பைகள் மண்ணைக் கிளறி, நீளமான வேர்களையும் அறுகுத் தண்டுகளையும் இழுத்து மேலே போடும்.

சுழற்கலப்பை எனப்படும் ரோட்டவேட்டர் ஒரே ஓட்டத்தில் நிலத்தைப் பார்வைக்கு அழகாக்கிவிடுவதால் உழவரிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றுள்ளது. விதையால் பெருகும் இளங்களைகளை அழிக்கவும், பசுந்தாள் பயிரை மடக்கவும், இறுதி விதைப்படுக்கை அமைக்கவும் இது சிறந்த கருவியே. ஆனால் கோரையும் அறுகும் மண்டிய நிலத்தில் முதல் உழவாக இதனைப் பயன்படுத்துவது பெரும் பிழை எனலாம். சுழலும் கத்திகள் அறுகை நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கி, கோரை மாலைகளை அறுத்து, அனைத்தையும் ஈர மண்ணில் சீராகக் கலந்து நட்டுவிடுகின்றன. இருபது நாட்களில் நிலம் முழுவதும் ஒரே சீராகப் பச்சையாகும். மேலும், 10 முதல் 15 செ.மீ. ஆழத்திலேயே ஆண்டுதோறும் இது ஓடுவதால் அதன் கீழே கடினமான அடுக்கு உருவாகி, நீரும் வேரும் இறங்காமல் தடுக்கும். இவ்வடுக்கை உடைக்க உளிக்கலப்பை பயன்படுகிறது. அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் உழுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 1868 இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906 இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971 இல் பல்கலைக்கழகமான இந்நிறுவனம் இப்பகுதி உழவர்களுக்கு அருகிலேயே அமைந்துள்ளது.

கருவிகளைத் தனியாரிடம் மட்டுமன்றி வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் வாடகைக்குப் பெறலாம். தமிழ்நாடு அரசின் 2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், 3 லட்சம் ஏக்கர் மானாவாரி நிலத்தில் கோடை உழவு செய்ய எக்டேருக்கு 2,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.

முளைக்கவிட்டு அழித்தல்

மண்ணில் கிடக்கும் களை விதைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. மேல் மண்ணின் சில செ.மீ. ஆழத்தில், ஒளியும் ஈரமும் பெற்றவையே முளைக்கின்றன. ஆழத்தில் உள்ளவை ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. இதனைப் பயன்படுத்தும் முறை எளியது. நிலத்தை விதைப்புக்கு முற்றிலும் ஆயத்தமாக்கிவிட்டு, விதைக்காமல் விட வேண்டும். மழையோ ஒரு பாசனமோ கிடைத்து 10 முதல் 15 நாட்களில் களைகள் முளைத்ததும், மிக மேலோட்டமாகப் பலுகு ஓட்டியோ களைக்கொத்தால் சீவியோ அவற்றை அழிக்க வேண்டும். நீர் வசதி இருப்பின் இன்னொரு முறையும் செய்யலாம். அதன்பின் ஆழமாகக் கிளறாமல் விதைக்க வேண்டும். இக்கடைசி விதியே பெரும்பாலும் மீறப்படுகிறது. 'நடவுக்கு முன் ஒரு நல்ல உழவு' என்று மீண்டும் ஆழ உழுதால், அடியில் உறங்கிய புதிய விதைகள் மேலே வந்து, செய்த பணி முழுவதும் வீணாகும்.

சின்ன வெங்காயத்துக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது. அதன் குழல் போன்ற இலைகள் நிலத்தை நிழலால் மூடுவதே இல்லை; எனவே களைகளுடன் போட்டியிடும் திறன் அதற்கு மிகக் குறைவு. மஞ்சளும் முளைத்து வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொள்வதால் தொடக்கத்தில் நலிவானதே. தோட்டப் பயிர்கள் பலவற்றில் முதல் 30 முதல் 40 நாட்கள் வரையிலான களைகளே விளைச்சலைப் பெரிதும் குறைக்கின்றன.

நாற்றங்கால் போன்ற சிறு பரப்புகளில், நனைத்த மண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரங்கள் கோடை வெயிலில் விடும் முறையும் உண்டு. 1970களில் இசுரேலில் உருவான இம்முறை பல களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கிறது. கோரைக் கிழங்குகள் மட்டும் ஆழத்தில் தப்பிவிடுகின்றன. கருப்பு மூடாக்குத் தாளையும் கோரையின் ஊசி போன்ற முளை துளைத்து வெளிவரும் என்பதைத் தக்காளி, மிளகாய் பயிரிடுவோர் அறிவர்.

மூடுபயிரும் பலதானிய விதைப்பும்

களையை உழுது அழிப்பதற்கு மாற்றாக, அதைவிட விரைவாக வளரும் பயிரை அடர்த்தியாக விதைத்து நிழலால் ஒடுக்கலாம். சணப்பை, தக்கைப்பூண்டு, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியன இதற்கு உதவுகின்றன. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) உள்ளிட்டோரின் முயற்சியால் தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் முறைகள் பரவியபோது, தானியங்கள், பயறுகள், எண்ணெய் வித்துகள், நறுமணப் பயிர்கள், பசுந்தாள் பயிர்கள் ஆகியவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழும் பலதானிய விதைப்பும் பரவலாயிற்று. வெற்றுத் தரிசை முதன்முறையாகப் பயிருக்குக் கொண்டுவருவோர் இதனை முதல் பயிராகக் கொள்வதுண்டு.

இதற்கு ஒரு தடையும் உள்ளது. மூடுபயிருக்கும் நீர் வேண்டும். ஆழ்துளைக் கிணறு வற்றும் சித்திரை மாதத்தில் விற்க முடியாத ஒரு பயிருக்கு நீர் பாய்ச்சுவது எளிய முடிவு அன்று. கோடை மழையை நம்பி விதைப்பதே பெரும்பாலோருக்கு இயல்வது. மழை பொய்த்தால் விதைச் செலவு போயிற்று.

ஆடு, மாடு, எரு

கொங்குப் பகுதியில் அறுவடைக்குப் பின் படல்களால் அடைத்துப் பட்டி போட்டு, செம்மறியாடுகளை இரவில் நிலத்திலேயே தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். ஆடுகள் பகலில் களைகளை மேய்ந்து, இரவில் புழுக்கையும் சிறுநீரும் இடுகின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை படலை நகர்த்துவதால் நிலம் முழுவதும் எருவேறும். ஆடுகள் பார்த்தீனியத்தைப் பொதுவாக விரும்பி உண்பதில்லை. கோரையின் கிழங்கை அவை எட்டுவதில்லை. சீமைக் கருவேலத்தின் காய்களை உண்ட ஆடுகள் அதன் விதைகளைப் பட்டி நிலத்தில் பரப்புவதும் உண்டு.

மட்காத தொழுவுரம் களை விதைகளின் முக்கிய வாயில். மாட்டின் வயிற்றைக் கடந்தும் பல விதைகள் முளைப்புத் திறனை இழப்பதில்லை. குவியலின் உட்பகுதி கைபொறுக்காத அளவுக்குச் சூடேறி, சிலமுறை புரட்டப்பட்டு மட்கிய எருவில் இத்தொல்லை பெரிதும் குறையும். வேலிகளும், வேலிகளுக்கு இடைப்பட்ட இட்டேரிகளும் களை விதைகள் காற்றிலும் நீரிலும் வந்துசேரும் மற்றொரு மூலம். நிலத்துக்குள் நூறு ரூபாய் செலவிடுபவர் ஓரத்தில் பத்து ரூபாயும் செலவிடாமை பரவலாகக் காணப்படும் குறை.

களைக்கொல்லிகள்

நடவுக்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்யக் கிளைபோசேட் என்னும் வேதிப்பொருள் பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளது. இது பச்சை இலைகள் வழியே உட்புகுந்து கிழங்குகளுக்கும் வேர்களுக்கும் செல்வதால், கோரை, அறுகு ஆகியவற்றின் மீது செயல்படுகிறது. வாடிய அல்லது புழுதி படிந்த இலைகளில் இது சரியாக வேலை செய்யாது; கலங்கல் நீரிலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த உவர்க் கிணற்று நீரிலும் கலந்தால் வீரியம் குறையும். முளைக்காமல் உறங்கும் கிழங்குகளை இது தொடுவதே இல்லை.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் (2ஏ பிரிவு) சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் இம்முடிவிலிருந்து வேறுபட்டன. இந்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றோர் வழியாக மட்டுமே இதனைத் தெளிக்கலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி மற்றொரு வகையில் ஆபத்தானது. காற்றில் மிதந்து செல்லும் மிகச் சிறிய அளவும் பக்கத்து நிலப் பருத்தியையும் திராட்சையையும் உருக்குலைத்துவிடும். காற்று மிகுந்த ஆனி, ஆடி மாதங்களில் இதைத் தெளிப்பது அண்டை வீட்டாருடன் வழக்குக்கு வழிவகுக்கும்.

களையாகாத களைகள்

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை ஆகியன வேளாண் நூல்களில் களைகள். கொங்கு வீடுகளில் அவை சோளச் சோற்றுக்கும் களிக்கும் கடைந்து உண்ணப்பட்ட கீரைகள். களை வெட்டச் செல்லும் பெண்கள் மடியில் கீரையுடன் திரும்புவது வழக்கமாக இருந்தது. களைக்கொல்லி தெளித்த நிலத்தில் இவ்வாறு பறிக்க இயலாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோர் குறைவு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளின் கொறங்காடுகள் இன்னொரு எடுத்துக்காட்டு. முள்கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வளரும் இம்மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகள் வளர்க்கப்படுகின்றன. மண் ஆழமற்றும் மழை குறைந்தும் உள்ள இடங்களில் உழாமல் விடப்பட்ட நிலங்கள் இவை. அடுத்த தோட்டத்தில் களையாகக் கருதப்படும் கொழுக்கட்டைப் புல், இங்கு வேண்டி வளர்க்கப்படும் தீவனம். இத்தகைய நிலத்தைத் தரிசு என்று கருதிச் சட்டிக் கலப்பையால் உழுதவர்கள், ஓரிரு மழைப் பருவங்களுக்குப் பின் புல்லையும் இழந்து, பார்த்தீனியத்தைப் பெற்ற நிகழ்வுகளும் உண்டு. உழுத கொறங்காட்டை மீண்டும் மேய்ச்சல் நிலமாக்க, மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, புல் வேரூன்றி விதை உதிர்க்கும் வரை மாடுகளை உள்ளே விடாமல் வேலியை அடைத்து வைக்க வேண்டும்.